இடது கட்டைவிரல் பள்ளம்

ஸ்டீயரிங்கைக் கழற்றிக் கையில் கொடுத்தபோது மெக்கானிக் கேட்டான்: "என்ன சார், இதுக்கும் பல்லு கட்டப் போறீங்களா?"

பல்செட்காரர் சிரித்தார். முப்பத்தைந்து வருடமாக ஊரில் பாதிப் பேருக்குப் பல்செட் செய்து கொடுத்தவர். அவரிடம் புதிதாக ஒரு பல் ஜோக் சொல்லிவிட யாராலும் முடியாது. ஆனாலும் சிரிப்பார். சிரிக்காவிட்டால் பல்செட்காரருக்கே பல் இல்லையோ என்று சந்தேகப்படுவார்கள் என்பாள் அவர் மனைவி.

கார் அவளுடையது. பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த இரண்டாம் வருடம் வாங்கினாள். வாங்கும்போதே அது கிழட்டுக் கார்தான். அவருக்கு ஓட்ட வராது. கற்றுக்கொள்ளப் போன முதல் நாளே பக்கத்து வீட்டு கேட்டை இடித்துவிட்டு இறங்கியவர், அதோடு பக்கத்து இருக்கையோடு சரி. சனிக்கிழமைதோறும் அவள் ஓட்ட, மடியில் பல்செட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டு மூன்று ஊர்ப் பல் ஆஸ்பத்திரிகளுக்குப் போவார். மேடு பள்ளம் வந்தால், "பல்லைப் பிடிச்சுக்கோங்க" என்பாள். எதிரே லாரி வந்தால் அவர் வலது கால் தானாக நீண்டு தரையை மிதிக்கும். "உங்க பிரேக் நல்லாப் பிடிக்குதுங்க. என்னுது வேண்டாம், கழட்டிடலாம்" என்று சிரிப்பாள்.

அவள் போய் இரண்டு வருடமாகிவிட்டது. கார் ஷெட்டிலேயே நின்றது. போன வாரம் மைத்துனி வந்து பேச்செடுத்தாள். அக்காவிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவள்.

"அத்தான், அக்கா எனக்குன்னு சொல்லிட்டுப் போன வண்டி. இப்போ உள்ளே எலி குடும்பம் நடத்துது."

"நடத்தட்டும். இந்த வீட்டுல யாராவது நடத்தட்டும்."

மைத்துனி எழுந்து ஷெட்டுக்குப் போனாள். பிறகு காரில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தவள் உஸ்ஸென்று கையை எடுத்தாள். பழைய கெட்டிப் பிளாஸ்டிக் வெடித்து, உள்ளிருந்த கம்பி தெரிந்தது. "கையைக் கிழிக்குது பாருங்க. இதை இரும்புக் கடையில போட்டுட்டுப் புதுசு மாட்டிக்கிறேன்."

"போடாதே. நான் சரி பண்ணித் தர்றேன்."

"நீங்களா?"

"வாய்க்குள்ள வைக்கிறதையே உறுத்தாம பண்றவன். கையில பிடிக்கிறதைப் பண்ண மாட்டேனா?"

"சரி. அடுத்த சனிக்கிழமை இல்ல, அதுக்கு அடுத்த சனிக்கிழமை வருவேன். அப்பவும் கையைக் கிழிச்சா புதுசுதான்."

அவருக்கு வெடிப்பைப் பற்றிக் கவலையில்லை. கவலை அந்தப் பள்ளத்தைப் பற்றி. ஸ்டீயரிங்கில் மேலே இடது பக்கம், கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில், அவளுடைய இடது கட்டைவிரல் முப்பத்தொரு வருடம் இருந்து இருந்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அவர் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த கை அது. போகும்போதும் வரும்போதும் அவர் ரோட்டைப் பார்த்ததைவிட அந்தக் கையைப் பார்த்ததுதான் அதிகம். அவள் போன பிறகு சில நாட்களில் ஷெட்டுக்குப் போய், ஓட்டுகிறவர் இருக்கையில் உட்காராமல் தன் இருக்கையில் உட்கார்ந்து, கையை நீட்டி அந்தப் பள்ளத்தைத் தொட்டுவிட்டு வருவார். பெரிய வெடிப்பு ஒன்று சரியாக அதன் நடுவில் ஓடியது. வெடிப்பை அடைத்தால் பள்ளமும் அடைபடும். அடைக்காவிட்டால் ஸ்டீயரிங்கே போய்விடும்.

அவருக்கு ஒரு வழி தெரியும். எதைத் தொடுவதற்கு முன்னாலும் அச்செடுப்பது அவர் பழக்கம். பள்ளத்துக்கு அச்செடுத்து, அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றினால் பள்ளத்தின் நகல் கிடைக்கும். அந்த நகலிலிருந்து பல்செட் மாவில் விரலைக் கெட்டியாக வார்த்துக்கொள்ளலாம். ஸ்டீயரிங்கை அடைத்து முடித்து, கடைசிப் பூச்சு இறுகுவதற்குள் அந்த விரலை அழுத்தினால் பழைய பள்ளம் பழைய இடத்தில்.

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து ஸ்டீயரிங்கை வைத்தார். சோப்புத் தண்ணீரில் துடைக்க, துணியில் முப்பத்தொரு வருடக் கை அழுக்கு கறுப்பாக வந்தது. அந்தத் துணியை அலசாமல் தனியே எடுத்து வைத்தார். ஒவ்வொரு வெடிப்பையும் அரத்தால் அகலப்படுத்தினார். விரிசலைப் பெரிதாக்கினால்தான் பசை பிடிக்கும். மாவாகத் தூசி பறந்து மூக்குக் கண்ணாடியை மூடியது. பள்ளத்தின் பக்கம் மட்டும் அரத்தைக் கொண்டுபோகவில்லை.

ஐந்தாம் நாள் மதியம் அச்செடுத்தார். பொடியில் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பள்ளத்தில் அப்பி, மூன்று நிமிடம் பிடித்து, மெல்ல உரித்தார். பள்ளத்துக்கு அச்செடுத்தால் வருவது மேடு. மேடு என்றால் விரல். அவர் உள்ளங்கையில் அவள் கட்டைவிரல் வந்து கிடந்தது.

அதை ஓரமாக வைத்துவிட்டுப் பள்ளத்தின் வெடிப்பையும் அகலப்படுத்தினார். நீலமும் வெள்ளையுமான இரண்டு பசைகளைப் பிசைந்து எல்லா வெடிப்பிலும் அடைத்தார். பிசைந்த பசை காத்திருக்காது. ஒரே மூச்சில் பள்ளத்தையும் நிரப்பி வழித்துவிட்டார். அதன் பிறகு பிளாஸ்டர் ஊற்றுவதற்காக அச்சை எடுத்தார்.

எடுத்தவர் ஊற்றவில்லை.

அது குளிர்ச்சியாக, மெதுமெதுவென்று இருந்தது. நுனியில் லேசாக வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. அவள் விரல் அப்படித்தான் சாய்ந்திருக்கும். அதைத் தன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு நிமிடம் என்றுதான் நினைத்தார். ஜன்னல் வெயில் மேசையைக் கடந்து சுவரில் ஏறி மறைந்தது. மைத்துனி போன் செய்தபோதுதான் எழுந்தார். "என்ன அத்தான், ஸ்டீயரிங்குக்கு மயக்க ஊசி போட்டாச்சா?" என்றாள். "போட்டாச்சு" என்றார். போனை வைத்துவிட்டு அப்படியே போய்ப் படுத்துவிட்டார்.

அச்செடுத்தால் கால் மணி நேரத்துக்குள் பிளாஸ்டர் ஊற்றியாக வேண்டும். இல்லையென்றால் அச்சு காய்ந்து சுருங்கிவிடும். இதைச் சொல்லிச் சொல்லி எத்தனை ஆஸ்பத்திரி உதவியாளர்களைத் திட்டியிருப்பார்! "காய விட்டா ஆளே மாறிடும்மா. வேற யாரோ வாய்க்குத்தான் பல்லு போகும்." இப்போது காலையில் எழுந்து பார்க்கிறார், மேசைமேல் சுருங்கி முறுக்கிக்கொண்டு கிடக்கிறது, உலர்ந்த எலுமிச்சைத் தோல் போல ஒன்று. தண்ணீரில் போட்டார். ஊறியது; வேறு எதுவாகவோ ஊறியது. ஸ்டீயரிங்கில் பசை கல்லாகியிருந்தது.

அன்று அவர் எதையும் தொடவில்லை.

மறுநாள் செதுக்கும் கத்தியை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். பல்லைப் பார்க்காமலே செதுக்கிவிடும் கை அது. ஆனால் இத்தனை வருடமும் அந்த விரலை மேலிருந்துதான் பார்த்திருக்கிறார். அதன் அடியில் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சரிவு? பள்ளத்தை எத்தனையோ முறை தொட்டும் அந்த அளவு கைக்குத் தெரியவில்லை. பார்க்காத வாய்க்குப் பல் கட்டக் கூடாது. கத்தியை வைத்துவிட்டு உப்புத்தாளை எடுத்தார். முரட்டுத் தாள், நடுத்தாள், மென்தாள் என்று மூன்று நாள் தேய்த்தார். கண்ணை மூடித் தடவினால் எது பிளாஸ்டிக், எது பசை என்று கைக்குத் தெரியாமல் போகும் வரை தேய்த்தார். கறுப்புப் பூச்சு இரண்டு தடவை, மேலே மினுக்குப் பூச்சு ஒரு தடவை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் வந்து மாட்டிவிட்டு, "சார், இது பல்லு இல்ல, புது வாயே" என்றான். அவர் அதற்கும் சிரித்தார்.

சனிக்கிழமை மைத்துனி வந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். இடது கட்டைவிரல் மேலே போய் எதையோ தேடியது.

"இங்க ஒரு பள்ளம் இருக்குமே அத்தான்?"

"அடைச்சிட்டேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு அது எப்பவும் பொருந்தாது. அக்கா விரல் நீளம்" என்றாள் மெதுவாக. பிறகு, "ஏறுங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

ஏறினார். மடியில் டப்பா எதுவும் இல்லாமல் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பள்ளியைத் தாண்டி, ஆஸ்பத்திரி ரோட்டுக்குத் திரும்பும்போது பளபளப்பில் மைத்துனியின் கை சறுக்கிச் சறுக்கிப் பிடித்தது. அவர் அந்தக் கையைப் பார்க்காமல் இருக்க ரோட்டையே பார்த்தார். வளைவில் லாரி ஒன்று எதிரே வந்தது. அவர் வலது கால் நீண்டு தரையை ஓங்கி மிதித்தது.

"பிரேக் போட்டாச்சா?" என்று மைத்துனி சிரித்தாள். லாரி கடந்து அவர் காலை இழுத்துக்கொண்டதும், குனிந்து அவர் காலடியைப் பார்த்தாள். "ஐயையோ, கால் மேட் ஓட்டையாவே போயிருக்கு. தகரம் தெரியுது. ஸ்டீயரிங் புதுசாயிடுச்சு, இதையும் மாத்திடறேன்."

அவர் குனிந்தார். ரப்பர் கால்மிதியில் அவர் குதிகால் அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை. ஒவ்வொரு லாரிக்கும், ஒவ்வொரு வளைவுக்கும், அவள் வேகமாக ஓட்டிய ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் அவர் மிதித்தது. குதிகாலை வைத்தார்; அதில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"மாத்தாதே" என்றார். "வண்டியில வேற எதை வேணும்னாலும் மாத்திக்கோ. இது இருக்கட்டும்."

மைத்துனி கியரை மாற்றினாள். ரோடு காலியாகத்தான் கிடந்தது. அவர் இன்னொரு தடவை மிதித்தார்.