ஜாஃபர் பாய் பாலை நிறுத்திய நாள்

பால் இல்லாத டீயை ஜாஃபர் பாய் ஒரு வியாதியாகத்தான் கருதினார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அவருடைய கடைக்கு வந்து யாராவது தெரியாத்தனமாக "பாய், பால் இல்லாம ஒண்ணு" என்று கேட்டுவிட்டால், கை வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, "வூட்ல யாருக்குனா ஒடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார். தனக்குத்தான் என்று அந்த ஆள் ஒப்புக்கொண்டால் பாலைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிக் கொடுப்பார். அவருடைய வைத்தியம் அது.

இப்படிப்பட்டவர் ஒருநாள் முழுக்கக் கடையில் பாலை நிறுத்தினார். நிறுத்தக் காரணமாக இருந்தவர் ஒரு பழைய உள்ளூர்க்காரர். போய்ச் சேர்ந்து ஆயிரத்து ஐந்நூறு வருடம் ஆகிறது.

அதைச் சொல்வதற்கு முன் ஜாஃபர் பாயின் தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆற்காட்டு நவாப் காலத்தில் இந்த ஊருக்கு வந்த குடும்பம். சரிகை வியாபாரத்தில் நாலு பேர் மதிக்க வாழ்ந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்த ஜாஃபருக்குக் கடவுள் எல்லாம் கொடுத்து, விழிப்பை மட்டும் குறைத்துக் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் தூங்கினார். சித்தப்பாவின் சரிகைக் கடையில் உட்கார வைத்தார்கள், கல்லாவின்மேல் தலை வைத்துத் தூங்கினார். வாங்க வந்தவர்கள் அவரை எழுப்ப மனமில்லாமல் அடுத்த கடைக்குப் போனார்கள். நிக்காஹ் அன்று பந்தலில் அவர் கண் மூடியிருந்ததைப் பார்த்து, பையனுக்கு என்ன பக்தி என்று பெண் வீட்டார் நெகிழ்ந்தார்கள். ருக்ஸானாவுக்கு உண்மை தெரிய ஒரு வாரம் ஆயிற்று.

கடைசியில், தூக்கத்தை விரட்ட டீ குடிக்கப் போன கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தார். கொதிக்கிற பாய்லருக்குப் பக்கத்தில் நிற்பவன் தூங்க முடியாது என்பதை அங்கேதான் கண்டுபிடித்தார். பிறகு தனிக்கடை. அன்று விழித்தவர்தான். மக்கை வலது கையில் தலைக்கு மேலே தூக்கி, இடது கையை முழங்காலுக்குக் கீழே இறக்கி அவர் டீ ஆற்றுவதைப் பார்த்தால், இந்த மனிதருக்குக் கொட்டாவி என்றால் என்னவென்றே தெரியாது என்று சத்தியம் செய்யலாம்.

அவருடைய நிரந்தர வாடிக்கை எதிர்வீட்டு வீரபத்திரன். வீட்டுக்குள் தறி, வாசலுக்கு எதிரே டீக்கடை, வேறென்ன வேண்டும் என்று வாழ்கிற நெசவாளி. ஒவ்வொரு காலையும் வீரபத்திரன் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும், ஜாஃபர் பாய் தெருவுக்கே கேட்கும்படி ஒரே வசனத்தைச் சொல்வார்:

"இன்னா நைனா, வூட்ல டீ குடிச்சாச்சா? வாய் கழுவ வந்துட்ட?"

வீரபத்திரன் சம்சாரம் போடும் டீயை ஜாஃபர் பாய் ஒருமுறைகூட வாயில் வைத்ததில்லை. தொழிலில் அதெல்லாம் பார்க்க முடியாது.

ஒருநாள் ராமராஜன் வந்தான். சென்னையிலிருந்து கொரியா, ஜப்பான் பக்கத்து யாத்ரீகர்களை வேனில் ஏற்றிக்கொண்டு கோயில் கோயிலாக இறக்கிவிடும் டிரைவர். வண்டியில் வருபவர்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டு அவனுக்குப் பாதி ஆசியாவின் கதை தெரியும். மீதிப் பாதியை அவனே சேர்த்துக்கொள்வான்.

"பாய், போதிதர்மர்னு நம்மூர்லேருந்து ஒரு சாமியாரு சைனாவுக்குப் போனாரு, தெரியுமா? அங்க போய் ஒன்பது வருசம் சுவத்தப் பாத்துக்கினு உக்காந்தாராம்."

"ஒன்பது வருசமா?" என்றான் வீரபத்திரன். "நான் முப்பது வருசமா தறிக்குழில காலத் தொங்கப்போட்டுக்கினு சுவத்தத்தான் பாக்குறேன். எவன் வண்டி வெச்சிக்கினு என்னப் பாக்க வரான்?"

"கேளுப்பா. நடுவுல அவருக்குத் தூக்கம் வந்திருச்சி. எழுந்து பாத்தா ஒரே கோவம். கத்திய எடுத்து ரெண்டு கண்ணிமையையும் வெட்டி வீசிட்டாரு. அது வுழுந்த எடத்துல ஒரு செடி மொளைச்சுது. இன்னா செடி தெரியுமா? டீ!"

பெஞ்சு சிரித்தது. ஜாஃபர் பாய் சிரிக்கவில்லை. மக்கைக் கீழே வைத்தார். இடது கண்ணிமையை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"நம்ம ஊர்க்காரரா?"

"ஆமா பாய்."

"தூக்கம் வந்திடுமா அவருக்கு?"

"அப்பிடித்தான் சொல்லிக்கிறாங்க."

ஒரு மனிதன் தன் முப்பாட்டனைக் கண்டுகொள்ளும் தருணம் எப்போதாவதுதான் வாய்க்கும். ஜாஃபர் பாய்க்கு அது பன் டப்பாவுக்கும் பாய்லருக்கும் நடுவில் நிற்கும்போது வாய்த்தது.

இந்த ஊருக்கும் கிழக்கு தேசங்களுக்கும் போக்குவரத்து பழசு. யுவான் சுவாங் இங்கே வந்து, பார்த்ததையெல்லாம் எழுதி வைத்துவிட்டுப் போனார். பல்லவர் காலத்து எழுத்து கப்பலேறிக் கம்போடியாவுக்கும் ஜாவாவுக்கும் போய், அங்கேயே குடித்தனம் நடத்திப் பேரன் பேத்தி எடுத்தது. சீனத்திலிருந்து பட்டு வந்தது. அந்தப் பட்டுக்கு நம்மூரின் பெயரையே வைத்து, கல்யாணத்துக்கு வருபவர்களிடம் விற்றுக்கொண்டிருக்கிறோம். டீ மட்டும் கொஞ்சம் தாமதித்து, வெள்ளைக்காரன் கையைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழியாக வந்து சேர்ந்தது. கண்ணிமைக் கதையை வரலாற்றுக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். போதிதர்மர் காஞ்சிபுரம்தானா என்றே அவர்களுக்குள் அடிதடி. ஜாஃபர் பாய்க்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. தூங்கினார், டீயால் விழித்தார், ஆகவே இந்த ஊர்க்காரர். வேறென்ன சாட்சி வேண்டும்?

அடுத்த முறை ராமராஜன் வந்தபோது, கொரியாவிலிருந்து ஒரு வயதான பிக்கு வரப்போவதாகச் சொன்னான். போதிதர்மரின் ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசையாம். ஜாஃபர் பாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம கடைக்கு இட்டுக்கினு வாப்பா. ஒரே ஒரு டீ. அவங்க ஊருக்கு நம்மாளு கொண்டாந்து குடுத்தது. இங்க வந்து ஒரு வாய் குடிக்காம போனா, நம்ம மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?"

"இட்டாரேன் பாய். ஆனா ஒண்ணு. அவங்க பால் சேக்க மாட்டாங்க. பச்சையா, தண்ணியாட்டம் இருக்கும்."

 அன்றே ஜாஃபர் பாய் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் கிரீன் டீ வாங்கி வந்தார். தினமும் ஒரு வேளை அதைப் போட்டு, வாடிக்கையாளர்களின் நாக்கில் பரிசோதித்தார். வீரபத்திரன் ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"எங்க சாயப்பட்டற கால்வாயில இதவிடக் கெட்டியா ஓடும் பாய்."

ருக்ஸானா வீட்டில் குடித்துப் பார்த்து, "காய்ச்சல் எனக்கு இல்லியே" என்றார்.

பிக்கு வரும் நாள் விடிந்ததும், ஜாஃபர் பாய் பால்காரனைத் திருப்பி அனுப்பினார். பால் வாடைகூட விருந்தாளி மூக்கில் ஏறக்கூடாது என்று பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்தார். புதிதாக ஒரு பீங்கான் கோப்பை வாங்கி வைத்தார். டீ கேட்டு வந்தவர்களிடம், "இன்னிக்கிக் கெஸ்ட் வராரு, நாளைக்கி வாங்க" என்று சொல்லிவிட்டார்.

தெரு கொதித்தது. எதிர்வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்க் வந்தது. வீரபத்திரன் அதை மடியில் வைத்துக்கொண்டு, கடையின் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்து, மூடியில் ஊற்றி, ஜாஃபர் பாய் பார்க்கும்போதெல்லாம் சத்தமாக உறிஞ்சினான்.

"வாய் கழுவிக்கினு இருக்கேன் பாய். நீ உன் வேலயப் பாரு."

மத்தியானத்துக்கு மேல் வேன் வந்தது. சாம்பல் நிற அங்கியில், மொட்டைத் தலையோடு பிக்கு ஜன்னல் ஓரத்தில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"வண்டி கெளம்பினாப் போதும், தூங்கிடுவாரு" என்றபடி பிரவீனா இறங்கினாள். தென்னேரிப் பெண். ஒரகடத்தில் ஒரு கொரியக் கம்பெனியில் வேலைக்குப் போய், மொழியைப் பிடித்துக்கொண்டு, இப்போது துபாஷி வேலை பார்ப்பவள். ஜாஃபர் பாய் தூங்கும் பிக்குவை வாஞ்சையோடு பார்த்தார். "எழுப்பாதம்மா. தானா முழிச்சிக்கட்டும்" என்றார்.

"ஏர்போர்ட்டுக்கு நேரமாவுது பாய்!" என்று ராமராஜன் பறந்தான்.

பிக்கு எழுந்து, பெஞ்சில் வீரபத்திரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜாஃபர் பாய் பீங்கான் கோப்பையை நீட்டினார். பிக்கு இரண்டு கைகளாலும் வாங்கி, தலை தாழ்த்தி, ஒரு வாய் குடித்தார். புன்னகை செய்தார். கோப்பையைப் பெஞ்சில் வைத்தார். எடுக்கவில்லை.

"நல்லா இருக்குதாம் பாய்" என்றாள் பிரவீனா.

"அவ்ளோதானா?"

"இன்னொண்ணும் சொல்றாரு. சொல்லட்டா?"

"சொல்லும்மா."

"இத அவரு சின்ன வயசுலேருந்து குடிக்கிறாராம். இந்தியாவுக்கு வந்து ஒரு வாரமா, போற எடத்துலல்லாம் மரியாதையா இதையேதான் குடுக்குறாங்களாம். ஆனா வழி நெடுக ரோட்டோரம் ஒரு ஆளு நின்னுக்கினு, கைய மேல தூக்கி, நூலாட்டம் என்னத்தையோ கீழ ஊத்துறாராமே? அது இன்னா, அத ஏன் எனக்கு யாரும் தரமாட்டேங்கறாங்கன்னு கேக்குறாரு."

ஜாஃபர் பாய் தன் கடையைப் பார்த்தார். புளி போட்டுத் தேய்த்த பால் பாத்திரம் வெள்ளியாய் மின்னியது.

பாலுக்காகப் பெட்டிக்கடைக்கு ஓடினார். "காலையிலயே காலி பாய்" என்றது பெட்டிக்கடை. "நீ டீ போடலன்னு தெருவே பாக்கெட் வாங்கிக்கினு போயி வூட்ல போட்டுச்சி." திரும்பி வந்தபோது ராமராஜன் வேனை ஸ்டார்ட் செய்திருந்தான். பிக்கு மட்டும் எழுந்திருக்கவில்லை. ஜாஃபர் பாயின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பெஞ்சில் பிளாஸ்க் திறக்கும் சத்தம் கேட்டது. ஏலக்காய் வாசனை வந்தது.

ஜாஃபர் பாய் வீரபத்திரனுக்கு முன்னால் போய் நின்றார்.

"நைனா."

"இன்னா பாய்?"

"அந்த பிளாஸ்க்கு."

"இது வாய் கழுவ வெக்கிற டீயாச்சே."

"அப்புறமா எவ்ளோ வேணா திட்டுப்பா. வண்டி கெளம்புது."

"எங்க வூட்டு டீ எப்பிடி இருக்கும்? அத மொதல்ல சொல்லு."

"நல்லா இருக்கும்."

"இன்னாது? கேக்கல."

"நல்லா இருக்கும்பா! நல்லா இருக்கும்! குடுப்பா!"

தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு ஜன்னலுக்கும் கேட்டது.

பிளாஸ்க் டீ மக்கில் விழுந்தது. ஜாஃபர் பாய் கையைத் தலைக்கு மேலே தூக்கினார். காலையிலிருந்து வேலையில்லாமல் கிடந்த கை. டீ இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. தறியில் இழை அறுவதைப் பார்த்துப் பார்த்தே வாழ்கிற தெரு வாயைத் திறந்துகொண்டு நின்றது. டீ இழை ஒரு இடத்திலும் அறுபடவில்லை. பிக்குவின் தலை மக்கோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடியது.

கிளாஸை வாங்கிக் குடித்தார். கண்கள் அகலமாகத் திறந்தன. ஏதோ சொன்னார்.

"சக்கர நிறைய இருக்குதாம்" என்றாள் பிரவீனா. "டாக்டர் சேக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காராம்."

ஜாஃபர் பாயின் முகம் விழுந்தது. பிக்கு வேன் பக்கம் முதுகைத் திருப்பி, காலி கிளாஸை இன்னொரு முறை நீட்டினார்.

இரண்டாவதைக் குடிக்கும்போது ஜாஃபர் பாய் தன் கேள்வியைக் கேட்டார். கண்ணிமை விஷயம் நிஜந்தானா? பிரவீனா கேட்டுச் சொன்னாள்.

"போதிதர்மர் ஊர் ஊர்ன்னு நீங்கதான சொல்றீங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிக்கினுதான் வந்தாராம்."

"அய்யோ, நாங்க அவங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சிக்கினு இருக்கோம்!"

பிக்கு விழுந்து விழுந்து சிரித்தார். தன் இமையைத் தொட்டு, வேனைக் காட்டி, தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக் காட்டினார். ஜாஃபர் பாய் தன் இமையைத் தொட்டு, கல்லாவைக் காட்டி, அதையே செய்தார். இதற்குப் பிரவீனா தேவைப்படவில்லை.

வேன் தெருமுனை திரும்பும் முன்பே சண்டை ஆரம்பித்துவிட்டது. பிக்கு குடித்தது யார் டீ? "எங்க வூட்டு டீ" என்றான் வீரபத்திரன். "ஆத்தினது யாரு?" என்றார் ஜாஃபர் பாய். "தூள் யாருது, பால் யாருது?" "பிளாஸ்க்க நீட்டியிருந்தா ரெண்டாவது கேட்டிருப்பாரா?" தெரு இரண்டு கட்சியானது. இன்றுவரை தீர்ப்பு இல்லை.

மறுநாள் காலையில் பால் வந்தது. பாய்லர் புகைந்தது. வீரபத்திரன் வரும் நேரத்தில் அவனுடைய சம்சாரம் சுகாசினி கையில் காலி பிளாஸ்க்கோடு தெருவைத் தாண்டி வந்தாள். எதிர்வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் அந்தப் பெஞ்சில் அவள் உட்கார்ந்ததில்லை. இப்போது நடுவில் உட்கார்ந்தாள்.

"இன்னா பாய், எங்க டீய கொரியாவுக்கு அனுப்பிட்டியாமே. எனக்கு ஒண்ணு போடு. வாய் கழுவணும்."

ஜாஃபர் பாய் தினமும் சொல்லும் வசனத்தை வாயைத் திறக்காமல் விழுங்கினார். பாலைச் சுண்டக் காய்ச்சினார். நேற்றுக்கூட அவ்வளவு உயரம் தூக்கவில்லை, அவ்வளவு நேரம் ஆற்றவில்லை. துணியால் துடைத்து, அந்தப் பீங்கான் கோப்பையில் ஊற்றி, அவள் முன்னால் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சுகாசினி ஒரு வாய் குடித்தாள். யோசித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"பரவால்ல" என்றாள். "கொஞ்சம் ஏலக்கா போட்டா நல்லா இருக்கும்."