கங்காணி உபயம்

என் தம்பி குளிர்காய்ச்சலில் செத்தான் என்று ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சுருண்டு கிடந்தவனைப் பிரம்பால் தட்டி எழுப்பி, மழையில் வடிகால் கான் வெட்ட விரட்டியவர் பெரிய கங்காணி. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

எரித்துவிடச் சொன்னார் கங்காணி. விறகும் தருவதாகச் சொன்னார். சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டால் பேச்சும் அதோடு போய்விடும் என்று எண்ணியிருப்பார். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. கல்யாணமாகாதவனைப் புதைப்பதுதான் எங்கள் வழக்கம் என்று மட்டும் முனகினேன். உண்மையில் வழக்கம் என் மனதில் இல்லை. தினமும் விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும்போது அவர் இடுகாட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். தம்பி அவர் கண்ணில் குத்திக்கொண்டே கிடக்கவேண்டும் என்று நினைத்தேன்.

புதைத்த பிறகு, நாங்கள் குடியிருந்த லயத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அதை அடக்கத்தானோ என்னவோ, கங்காணி என்னைக் கூப்பிட்டார்.

"உன் தம்பிக்கு சிமெண்டுல கல்லறை கட்டித் தரேன்டா. நம்ம உபயம்னு பெருசா எழுதிடு."

மரப்பலகை நட்டால் கறையான் தின்னும், மண்மேடு மழையில் கரையும். சிமெண்டு நிற்கும். தலையாட்டினேன்.

பக்கத்து டவுன் ரெங்கத்திலிருந்து வந்த கொத்தனார் சீனர். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாததால், ஈரம் காயுமுன் ஆணியால் எழுதும் வேலை எனக்கு வந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்துதான். ஒவ்வொரு எழுத்தாக ஆழமாகக் கீறினேன். கங்காணி எட்டிப் பார்த்து, எழுத்து குண்டு குண்டாக இருப்பதாகப் பாராட்டினார். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

கருமாதியன்று படையல் போட்டபின், எல்லோரும் கேட்கும்படி வாசிக்கச் சொல்லி, ஆபீசில் கணக்கெழுதும் கிராணியை அழைத்தார். கிராணி குனிந்து, உரத்த குரலில் தொடங்கினார்.

"காய்ச்சலில் கிடந்தவனை வேலைக்கு விரட்டிக் கொன்ற..." கிராணியின் குரல் இறங்கிவிட்டது. மிச்சத்தை மெதுவாகச் சொன்னார். "பெரிய கங்காணி உபயம்."

"எவன்டா எழுதுனது?"

"நான்தாங்க. நீங்கதானே எழுதச் சொன்னீங்க."

உடைக்கச் சொல்லி ஆட்களைப் பார்த்து ஏசினார். படையல் சோறு முன்னால் இருக்கும்போது கல்லறைமேல் யார் கை வைப்பார்கள்? ஒருவரும் அசையவில்லை. கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே சுத்தியலை எடுத்தார். சிமெண்டு லேசில் விடவில்லை. வியர்த்து, மூச்சு வாங்கி, என் தம்பியின் தலைமாட்டில் அவர் முட்டி போட்டு உட்கார்ந்திருந்ததை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாளே என்னைத் தோட்டத்தை விட்டு விரட்டினார்கள். பெக்கான் நானாஸில் ஓர் அன்னாசித் தோட்டத்தில் பழம் வெட்டப் போனேன். முள் கிழித்த கைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது, பழைய தோட்டத்திலிருந்து வந்த ஒருவன் சொன்னான்:

"இப்பல்லாம் கங்காணி தலை தெரிஞ்சா, பால் வெட்டுற நெரையில பொம்பளைங்க 'உபயம் வருது'ன்னு சொல்றாங்கண்ணே."

இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.