மூடுபனி குடித்த பொடியும் புஷ்பராணி மேடமும்

செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாமலும் பள்ளங்கி கிராமத்திலிருந்து போன். புஷ்பராணி மேடத்தின் தம்பி பேசினார். "அக்கா நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்க சார்." சிறுநீரகக் கோளாறோடு ஒரு வருடமாக மல்லுக்கட்டியவர். எதிர்பார்த்த சேதிதான், ஆனாலும் உடைந்து அழுதேன். ஆனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் உற்சாகம்தான் பொங்கிக்கொண்டு வருகிறது. நான் என்ன செய்ய!

கொடைக்கானலில் எங்கள் கல்லூரியில் அவர் வேதியியல் ஆசிரியர், நான் கம்ப்யூட்டர் பிரிவு. அவர் சிறுமியாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்த குடும்பம் அவருடையது. 'புரிகிறதா' என்று ஒருநாளும் கேட்க மாட்டார், 'விளங்குதா' என்பார். அவருக்குப் பித்து பீங்கான்மேல். சாப்பிடும் தட்டு அல்ல. சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய வில்லை. செல்போன் கோபுரத்தின் கருவிப் பெட்டிக்குள் அதை வைத்தால், வருகிற மைக்ரோ அலைகளில் தனக்குரியதை மட்டும் பிடித்துக்கொள்ளும். வெயிலடித்தாலும் குளிரடித்தாலும் அந்தப் பிடி நகரக் கூடாது. அப்படி நகராத ஒரு கலவையைத் தேடுவதுதான் அவரது முனைவர் பட்ட ஆய்வு.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. ஒருநாள் என் அறைக்கு வந்தார். "எத்தன கலவையத்தான் நான் சுட்டுச் சுட்டுப் பாக்குறது? ஒங்க கம்ப்யூட்டருக்குப் படிச்சுக் குடுங்க சார், அது சொல்லட்டும்" என்றார். பல ஊர்களில் பலர் செய்து வெளியிட்ட கலவைகளையும் அவற்றின் அளவுகளையும் ஒவ்வொரு வரியாக ஏற்றி, நியூரல் நெட்வொர்க் என்ற நிரலைப் பழக்கினோம். பார்த்ததை வைத்துப் பார்க்காததை ஊகிக்கும் நிரல் அது. ஊகம் பிரமாதமாக வந்தது, ஒரே ஒரு வரியைத் தவிர. அந்த வரி மேடத்தினுடையது! ஆய்விதழில் ஏற்கெனவே வெளிவந்திருந்த அவருடைய ஒரே முடிவு. ஆய்வேடு முழுவதும் அதன்மேல்தான் நின்றது.

நான் ஒரு காரியம் செய்தேன். சத்தம் காட்டாமல் அந்த வரியை அழித்துவிட்டேன். அவர் மனம் நோகக் கூடாதே என்றுதான். இரண்டே நாளில் பிடித்துவிட்டார்.

"என் வரி எங்க சார்?"

"ஒத்து வரல மேடம். மிஷின் தப்பாச் சொல்லுது."

"மத்தவங்களுக்கெல்லாம் சரியாச் சொல்ற மிஷின் எனக்கு மட்டும் பொய் சொல்லுமாக்கும்? திரும்பப் போடுங்க. இல்லாட்டி ஒங்களோட கதைக்கவே மாட்டேன்."

அங்கேயே நின்றபடி தன் நோட்டைப் புரட்டினார். அந்த வில்லைக்குத் தராசில் பொடி நிறுத்தது ஐப்பசியில். ஜன்னலுக்கு வெளியே மரம்கூடத் தெரியாத மூடுபனிக் காலம். சட்டென்று தலையில் அடித்துக்கொண்டார். "லாந்தனம் ஆக்சைடு சார்! காத்துல இருக்குற ஈரத்தையெல்லாம் குடிச்சிரும். நான் தண்ணியையும் சேத்துல்ல நிறுத்திருக்கேன்!" பொடியை முதலில் உலையில் வறுத்து, ஈரம் புகாத ஜாடியில் ஆறவைத்து நிறுத்திருக்க வேண்டும். அவர் பின்பற்றிய செய்முறையில் அந்தக் குறிப்பே இல்லை. வறுத்த பொடியில் புது வில்லை செய்து, அளப்பதற்குச் சமவெளியில் உள்ள ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். நிரல் சொன்ன அளவுதான் வந்தது.

"இது நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாது மேடம்" என்றேன். பட்டம் கைநழுவிவிடுமே என்ற பயம் எனக்கு. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கயோ ஒருத்தரு நான் எழுதுனத நம்பி வில்லை சுட்டுக்கிட்டே கெடப்பாரு சார். அவரு பாவம் இல்லையா?"

தன் முடிவு தவறு என்று அன்றே ஆய்விதழுக்குக் கடிதம் போட்டார். ஆய்வேடு இரண்டு வருடம் தள்ளிப்போனது. அவருடைய வழிகாட்டி கொஞ்ச காலம் முகம் கொடுத்தே பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் கூத்து. அந்தப் பழைய வில்லையைப் பகுப்பாய்வுக்கு அனுப்பி, அதில் உண்மையில் என்ன விகிதம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். எங்கள் பட்டியலில் எவருமே தொட்டிராத விகிதம்! அதைச் சேர்த்துப் பழக்கியதும் நிரல் புத்தம்புதிதாக ஒரு கலவையைக் காட்டியது. சுட்டோம், அனுப்பினோம், நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தோம். மின்னஞ்சல் வந்த அன்று மேடம் கல்லூரி வராந்தாவில் கத்திக்கொண்டே ஓடிவந்தார். "நகரல சார்! சூட்டுக்கும் நகரல, குளிருக்கும் நகரல!" வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அந்த ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, கூடவே கண்ணும் கலங்குகிறது.

போன மாதம் முன்பின் தெரியாத ஓர் ஆய்வாளர் எழுதியிருந்தார்: 'உங்கள் கலவையைச் செய்து பார்த்தேன். எனக்கு நகர்கிறது.' தயங்கித் தயங்கித்தான் மருத்துவமனையில் அதை வாசித்துக் காட்டினேன். மனுஷி கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "யாரு தப்பு சார்? அவரா, நாமளா? வெரசா செஞ்சு பாருங்க!" என்றார். அத்தனை நோவிலும் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அடக்கம் முடிந்ததும் பள்ளங்கியிலிருந்து நேராக ஆய்வகத்துக்கு வந்தேன். அந்தக் கலவையைத் திரும்பச் சுட்டுப் பார்க்க உலை சூடேறிக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மேடம், நாம் சொன்னது தவறு என்று வந்தால், உங்கள் பெயரைப் போட்டே தவறு என்று எழுதி அனுப்புவேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.