புள்ளியக்கா

“சார், மூச்சை அந்தப் பக்கம் திரும்பி விடுங்க.”

இயக்குநரிடம் இப்படிச் சொல்ல அந்த ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்குத்தான் துணிச்சல் உண்டு. புள்ளியக்கா. ஐம்பத்திரண்டு வயது, ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு, காதோரம் எப்போதும் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர். அவர் ஏறிட்டுப் பார்த்தால் போதும், சூடான டீயோடு வந்தவர்கள் வந்த வழியே திரும்பிவிடுவார்கள்.

மலையுச்சித் தொலைநோக்கிக்குப் போகவேண்டிய அலைமுக உணரி அவர் பொறுப்பில் இருந்தது. நட்சத்திர ஒளி கீழே வருவதற்குள் காற்று அதைக் கசக்கிவிடும். எங்கே எவ்வளவு கசங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்து, வளைந்துகொடுக்கும் கண்ணாடியிடம் சொல்வதுதான் இந்தக் கருவியின் வேலை. அதிலுள்ள ஆயிரம் குட்டி வில்லைகள் ஒளியை ஆயிரம் புள்ளிகளாக்கித் திரையில் வரிசைகட்டி நிறுத்தும். காற்று லேசாகக் கலைந்தாலும் புள்ளி நகரும். “மூணாவது வரிசையில ஒருத்தன் சேட்டை பண்றான் பாரு” என்பார் அக்கா, பெற்றவள் மாதிரி.

அன்று காலை இறுதிச் சோதனை. நட்சத்திரத்துக்குப் பதில் ஒரு சின்ன விளக்கு. ஐந்து நிமிடம் புள்ளிகள் ஆடாமல் நின்றால், கருவியைச் சரிபார்க்க வந்திருந்த தேர்வாளரம்மா கையெழுத்துப் போடுவார்; மதியமே கருவி லாரி ஏறும். தவறினால், மறுசோதனை முடிவதற்குள் மலைப்பாதையைப் பனி மூடிவிடும், அப்புறம் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

புள்ளிகளோ கல்யாண வீட்டுக் குழந்தைகள் மாதிரி ஓடியாடின.

“யாரோ சூடா இருக்கீங்க” என்றார் அக்கா. குளிரூட்டிய அறையில் எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள். படியேறி மூச்சிரைக்க வந்திருந்த கொள்முதல் அதிகாரியை முதலில் வெளியேற்றினார். அடுத்து இயக்குநர். “வழுக்கை சார், சூடு நேரா மேல போகுது. தப்பா நினைச்சுக்காதீங்க.” அவர் கழற்றி மாட்டிய கோட்டைக்கூட எடுக்காமல் போனார்.

ஆட்டம் நிற்கவில்லை. அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று.

இருபது வருடமாக அவரிடம் திட்டு வாங்கிவரும் கணினிக்காரர் தொண்டையைக் கனைத்தார். “அக்கா, கொஞ்சம் இடது பக்கம் நகருங்க.”

நகர்ந்தார். ஆட்டமும் இடது பக்கம் நகர்ந்தது.

“இப்ப வலது.”

அதுவும் கூடவே வந்தது.

“என்னையா சொல்றே?”

“நான் சொல்லலக்கா. உங்க பிள்ளைங்க சொல்றாங்க.”

பதில் சொல்ல இடுப்பில் கைவைத்த அக்கா அப்படியே நின்றார். முதுகுவலிக்கென்று காலையில் கணவர் கட்டிவிட்ட வெந்நீர்ப்பை, கோட்டுக்கடியில் இன்னும் கதகதவென்று இருந்தது. சுத்தமாக மறந்துவிட்டிருந்தார்.

“கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வரேன்” என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வெளியேறினார். கதவு மூடிய கொஞ்ச நேரத்தில் ஆயிரம் புள்ளிகளும் கப்சிப். ஐந்து நிமிடம் கழித்து உள்ளேயிருந்து கைதட்டல் கேட்டது.

குளிர்காற்று வீசிய வராந்தா பெஞ்சில் இயக்குநர் கோட்டில்லாமல் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு வெடவெடத்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே இடுப்பு முடிச்சை அவிழ்த்து, வெந்நீர்ப்பையை எடுத்து அவர் மடியில் வைத்தார்.