ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று ஜெபித்தேன்

பெரியவளே, சின்னவனே, அப்பா எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை. பெரியவள் பெயர் எந்தத் தாளிலும் வரக்கூடாது என்று கோர்ட்டில் சொல்லியிருக்கிறார்கள். அவள் சம்மதம் தந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். நம் சபையில் உங்கள் வயதுப் பிள்ளைகளும் வாசிக்கட்டும்.

போன வருஷம் ஜூன் மாதம், குற்றாலத்தில் சாரல் தொடங்கிய நேரம். நான் வேலை பார்க்கும் சிப்ஸ் கடையில் எண்ணெய்ச் சட்டியை விட்டு நகர முடியாது. அப்போதுதான் உங்கள் அம்மா விஷயத்தைச் சொன்னாள். பெரியவளுக்குப் பதினேழு வயது, வயிற்றில் ஏழு மாதம். ஏமாற்றியவனைப் பற்றி இதில் எழுதமாட்டேன். அவன்மேல் வழக்கு நடக்கிறது.

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் வயதைக் கேட்பார்கள். வயதைச் சொன்னால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் நம் ஊர் இலஞ்சி முழுக்கத் தெரியும். மகளைக் கொண்டுபோய் ஏதாவது ஹோமில் அடைத்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பினேன். செங்கோட்டையைத் தாண்டி ஒரு உறவுக்காரர் வீட்டில் பிரசவத்தை முடித்துவிட ஏற்பாடு செய்தோம். அதுவரை அவள் வெளியே வரக்கூடாது. மஞ்சள் காமாலை என்று தெருவில் சொல்லிவைத்தோம்.

வாழைக்காய் சீவும்போதும் ஜெபம்தான். "ஆண்டவரே, ஒருத்தருக்கும் தெரியாம முடிச்சுத் தாரும்." வேறு வார்த்தையே வரவில்லை. பஸ்ஸில் யாராவது சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். பெரியவளுக்குக் கால் வீங்கியது. தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்தச் சமயத்தில் அப்படித்தான் இருக்கும் என்றாள் உங்கள் அம்மா. நானும் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூலையில் ஒரு நாள், பக்கத்து வீட்டுக்காரர் கடைக்குப் போன் பண்ணினார்.

"அண்ணாச்சி, ஒங்க மக அங்கன்வாடியில உக்காந்திருக்கா. மாசமா இருக்கவங்க வரிசையில இருக்கா."

கரண்டியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தேன். ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று பஸ்ஸிலேயே அழுதேன்.

சத்துமாவு வாங்கவும் செக்கப்புக்கும் வந்த பெண்களுக்கு நடுவில் அவள் இருந்தாள். தானாகவே எழுந்து நடந்து வந்திருக்கிறாள். கண் மங்குகிறது, பிள்ளை அசைவது குறைந்திருக்கிறது என்று தன் வாயாலேயே நர்சம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். நர்சம்மா பிரஷர் பார்த்துவிட்டு ஆம்புலன்சுக்குப் பேசிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒளிச்சு வச்சா பிரஷரும் ஒளிஞ்சுக்கிடுமா அண்ணாச்சி? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும்."

"போலீஸ் வருமாம்மா?"

"வரும். பொம்பள போலீஸ், சாதா டிரஸ்ல. பிள்ளையப் பிடிக்கதுக்கு இல்ல, என்ன நடந்ததுன்னு கேக்கதுக்கு. மொதல்ல வண்டியில ஏறுங்க."

நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். வரிசையில் இருந்த ஒரு பெண், "இங்கன எல்லாரும் வயித்தத் தள்ளிக்கிட்டுத்தான் இருக்கோம் அண்ணாச்சி. ஒங்கள எவ பாக்கப் போறா?" என்றாள். நர்சம்மாவே சிரித்துவிட்டார்.

தென்காசி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். உள்ளே கொண்டுபோனபோது என் பழைய ஜெபம் வாயில் வரவில்லை. "யாருக்குத் தெரிஞ்சாலும் சரி, ரெண்டு உயிரையும் தாரும்" என்றேன். பெண் குழந்தை, கைக்குள் அடங்கிவிடும் அளவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவை நர்ஸ் வெளியே வரும்போதும் எழுந்து நின்றேன். கர்த்தர் இருவரையும் தந்தார்.

போலீஸ் அம்மா வந்தார், பொறுமையாகக் கேட்டுப்போனார். பிள்ளைகள் நலக் குழுவிலிருந்து வந்தவர்கள் அடைக்கவில்லை. உனக்கு என்ன வேண்டும் என்று பெரியவளிடமே கேட்டார்கள். "பாப்பாவ நானே வளக்குதேன். பரீட்சையும் எழுதணும்" என்றாள். கோர்ட்டுக்குக் கூடவே வர ஒரு அக்காவை அமர்த்தினார்கள். ஆபரேஷனுக்கு ஒரு பைசா கேட்கவில்லை. கர்ப்பிணிகளுக்கான உதவித்தொகைக்கு இவளுக்கு வயது போதாது என்றபோது மனம் சோர்ந்தது. ஆனால் வழக்கு முடியும் முன்பே கோர்ட் வழியாக ஒரு நிவாரணம் அவள் பெயரிலேயே பாங்கில் விழுந்தது. படிப்புக்கென்று மாதாமாதம் நலக் குழு மூலம் வருகிறது. சத்துமாவு அங்கன்வாடியில். இதெல்லாம் முன்பே இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

இப்போதும் வாய்தா என்று போன் வந்தால் பழைய பயம் வந்துவிடுகிறது. ஆனாலும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். நான் முதலில் கேட்டதை ஆண்டவர் தரவில்லை. தந்திருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. என்னை வெட்கத்திலிருந்து காப்பாற்றக் கேட்டேன், அவர் என் மகளை எழுந்து நடக்க வைத்தார்.

பிள்ளைகளே, பயம் வந்தால் முழங்கால் போடுங்கள். போட்டுவிட்டு எழுந்து, அம்மாவிடமோ டீச்சரிடமோ நர்சிடமோ வாயைத் திறந்து சொல்லுங்கள். அவர்கள் வழியாகவும் கர்த்தர் பேசுவார், நம்பிப் பாருங்கள். அப்பாமார்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

பாப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை, நீங்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். பாப்பாவின் துணிகளைத் துவைத்தேன். கொல்லையில் கொடி இருந்தது. நான் வாசலில், தெருவைப் பார்க்க ஒரு கயிறு கட்டி, ஒவ்வொன்றாக உதறிக் காயப்போட்டேன்.