ரிம் நட்டுக்குச் சிவப்பு

1. ஏலத்தில் வந்த லாரி

தேனியில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வார விடுப்பு. அந்த விடுப்பையெல்லாம் சில வருஷங்கள் ஒரு பழைய மிலிட்டரி லாரிக்குக் கொடுத்தேன். லாரி என்னுடையது இல்லை. பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த தேவசகாயம் அண்ணாச்சியுடையது. அறுபதுகளின் கடைசியில், பட்டாளத்தில் கழித்துக்கட்டிய வண்டிகளை மெட்ராஸில் ஏலம் விட்டபோது அவர் எடுத்து வந்தது.

முதல் நாள் அது கடைக்குப் பின்னால் காலி இடத்தில் நின்றது. சப்பை மூக்கு, நாலு வீலுக்கும் டிரைவ், உடம்பெல்லாம் துரு. பஜாரே வந்து வேடிக்கை பார்த்தது. அந்த நாளில் இப்படி வண்டி வாங்கியவர்கள் முதல் காரியமாகப் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றுவார்கள். முன் ஆக்சில் டிரைவைக் கழற்றி எடைக்குப் போடுவார்கள். பிறகு மரம் ஏற்ற மலைக்கு அனுப்புவார்கள். அண்ணாச்சிக்கு அந்த எண்ணம் இல்லை.

"வாடகைக்கு ஓட்ட வாங்கல ஃபிட்டர். பட்டாளத்துல எப்படி ஓடுச்சோ அப்படியே ஓடணும். வேறொண்ணும் வேண்டாம்" என்றார்.

அவருடைய வீட்டம்மா ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "மத்தவுக ஏலத்துல பாத்திரம் பண்டம் எடுக்குறாக. இவுக பட்டாளத்தையே எடுத்தாந்துட்டாக."

அந்த அம்மா சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் மறு ஞாயிறே ஸ்பானர் பையோடு போய் நின்றேன். மில்லில் ஒரு மெஷின் நின்றுவிட்டால் மாஸ்டர் முதல் மேனேஜர் வரை தலைமாட்டில் நின்று எப்போது முடியும், எப்போது முடியும் என்று உயிரை எடுப்பார்கள். இந்த லாரி எப்போது ஓடும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்தச் சுகத்துக்காகவே போனேன்.

அண்ணாச்சி கோயில் ஆராதனை முடிந்து வெள்ளை வேட்டியோடு நேரே வருவார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினோம். கிளட்ச் பிளேட்டுக்கு மதுரையில் லைனிங் அடித்து வந்தோம். எங்கும் கிடைக்காத புஷ்களை நானே லேத்தில் கடைந்தேன். வண்டி ஒருநாள் உறுமி நின்றபோது அண்ணாச்சி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்த வேட்டியைப் பார்த்து வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

2. இரண்டு துண்டு ரிம்

கதை வீலைப் பற்றியது. அதனால் அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சாதாரண லாரி வீலில் டயரை லாக் ரிங் என்ற ஒரு இரும்பு வளையம் பிடித்திருக்கும். இந்த லாரியில் ரிம்மே இரண்டு துண்டு. இரண்டு தாம்பாளங்களை முதுகோடு முதுகு சேர்த்து போல்ட் போட்ட மாதிரி. டயர் அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். ஆகவே வீலில் நட்டுகள் இரண்டு வட்டமாக இருக்கும். உள்வட்டம் வீலை வண்டியோடு பிடிப்பது. வெளிவட்டம் ரிம்மின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிப்பது.

டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைக் கழற்றினால் முன்பாதி பிய்த்துக்கொண்டு பறக்கும். எதிரில் இருப்பவர் பிழைக்க மாட்டார். அதனால்தான் பட்டாளத்தில் வெளிவட்ட நட்டுகளுக்கு மட்டும் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஏலக் கிடங்கில் இருந்த ஹவில்தார், சிவப்பைத் தொடாதே என்று அண்ணாச்சியிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினாராம்.

3. காதர் பாய் கைவண்ணம்

வேலையெல்லாம் முடிந்ததும் பெயின்ட் அடிக்க உத்தமபாளையம் காதர் பாயிடம் விட்டோம். மிலிட்டரி பச்சை அடித்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் விடமாட்டார் என்று சொன்னார்கள். சாம்பல் நிறம் அடித்தார். பாய் அருமையான வேலைக்காரர். முகம் பார்க்கலாம் போல இருந்தது. நட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே சீராகச் சில்வர்.

"வெளிவட்டத்துக்குச் சிவப்பு வேணும் அண்ணாச்சி" என்றேன்.

"வீல் நல்லாத்தானப்பா இருக்கு. சிவப்பு வச்சா அம்மை போட்ட மாதிரி இருக்கும்."

"சொன்னா இப்பவே அடிச்சுத் தாரேன். அது பெரிய வேலையில்ல" என்றார் பாய்.

அண்ணாச்சி கேட்கவில்லை. "நீயும் நானும்தான வீல தொடப் போறோம்? நமக்குத் தெரியும்ல" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மில்லாக இருந்தால் கத்தியிருப்பேன். லாரி அவருடையது, வாயை மூடிக்கொண்டேன்.

4. சின்னமனூரில்

புதுப் பெயின்ட்டோடு முதல் பயணம் காமயகவுண்டன்பட்டிக்கு. அண்ணாச்சியின் சிநேகிதருக்கு அங்கே திராட்சைத் தோட்டம். அவரிடம் வண்டியைக் காட்டவேண்டும். அண்ணாச்சியே ஓட்டினார். சின்னமனூர் தாண்டுவதற்குள் முன்பக்க இடது வீலில் இருந்து கருகல் வாடை. பிரேக் பிடித்த பிடியில் நிற்கிறது.

சாலையோரத்தில் ராசு என்பவரின் பட்டறை இருந்தது. ஓரம் கட்டி, வீலைக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்று சொன்னோம். நான் பிரேக் ஆயில் வாங்கப் போனேன். அண்ணாச்சி டீக்கடைக்குப் போனார்.

நான் திரும்பியபோது வண்டி ஜாக்கியில் நின்றது. ராசு எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. சுறுசுறுப்பான ஆள். உள்வட்ட நட்டுகள் ஹப்பை ஒட்டிப் பள்ளத்தில் இருந்தன. வெளிவட்டம் கைக்கு வாகாக இருந்தது. அதில் இரண்டு நட்டு கழன்று சாக்கின் மேல் கிடந்தது. மூன்றாவதில் ஸ்பானரை மாட்டி, பைப் சொருகி, அழுத்திக்கொண்டிருந்தார்.

ஆயில் டின்னைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"பைப்ப விடுங்க. அப்படியே பக்கவாட்டுல நகந்து வாங்க" என்றேன்.

"ஏன், என்னா கொறையக் கண்டீக? நான் பாக்காத லாரியா?"

"அது வீல் நட்டு இல்ல. உள்ள காத்து இருக்கு. கழண்டா உங்க தலை இருக்காது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பைப்பை விட்டுவிட்டு நகர்ந்தார். அதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். நட்டு கழன்ற இடத்தில் ரிம்மின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே நகம் நுழைகிற மாதிரி இடைவெளி விழுந்திருந்தது. மறுபடி முடுக்கவும் பயம், அப்படியே விடவும் பயம். யாராவது கையை நீட்டி வால்வ் ஊசியைக் கழற்றிக் காற்றை இறக்கவேண்டும்.

நான் முன்னால் போனேன். அண்ணாச்சி என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ படிச்சுப் படிச்சுச் சொன்ன. நான் கேக்கல. தள்ளு."

வெள்ளை வேட்டியோடு மண்ணில் மண்டியிட்டார். உடம்பை டயருக்குப் பக்கவாட்டில் ஒடுக்கிக்கொண்டு கையை மட்டும் வளைத்து நீட்டினார். கழற்றிய வால்வ் மூடி ஒருமுறை கீழே விழுந்தது. அதை எடுத்து, அதன் முனையாலேயே ஊசியைத் திருகினார். பிறகு உஸ்ஸென்று காற்று இறங்கியது. டயர் தொய்ந்தது.

ராசு வீலைப் பார்க்கவில்லை. வீலுக்கு நேர் எதிரே, சாலையின் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே புளியமர நிழலில் அவருடைய சம்சாரம் தூக்குச்சட்டியை மடியில் வைத்து, இவர் சாப்பிட வருவார் என்று உட்கார்ந்திருந்தது. இதொன்றும் அதற்குத் தெரியாது.

"ஏ செல்லம்மா, அங்கன உக்காராத. இங்கன வா" என்றார். கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

அப்புறம் அண்ணாச்சியிடம் திரும்பினார். "நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சவுக. எனக்கு யாரு சொல்லுவா?"

அண்ணாச்சி ராசுவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

அன்று காமயகவுண்டன்பட்டி போகவில்லை. வீலைச் சரிசெய்துவிட்டு, கடைத்தெருவில் சிவப்புப் பெயின்ட் வாங்கி வந்தேன். ராசு பிரஷ்ஷை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நாலு வீலுக்கும் ஸ்டெப்னிக்கும் அவரே அடித்தார். காதர் பாய் வேலை மாதிரி இல்லை, அங்கங்கே வழிந்திருந்தது. யாரும் அதைத் துடைக்கவில்லை.

மெஷினோடு வேலை செய்ய வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அடையாளம் வைப்பது நமக்காக இல்லை. தெரிந்தவன் டீ குடிக்கப் போயிருக்கும்போதுதான் தெரியாதவன் ஸ்பானரை எடுப்பான்.