சீல் உடையாத இருமல் மருந்து

என் மெடிக்கல் ஷாப்பின் மேல்தட்டில் காலாவதியான ஓர் இருமல் மருந்து பாட்டில் இருக்கிறது. ஆய்வுக்கு வருகிற அதிகாரி கேள்வி கேட்கக்கூடாதே என்று 'விற்பனைக்கு அல்ல' என ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். சீல் உடையவில்லை. எங்கள் ஊர் உபதேசியாருக்கு நான் கொடுத்தது அது. அவர் இறந்து எட்டாம் நாள் அவருடைய மகள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். ஜெபமாலையும் மூக்குக்கண்ணாடியும் வைத்திருந்த தகரப்பெட்டியில் கிடந்ததாம். “அப்பா இத தொடவே இல்லண்ணே. ஒங்களுக்க பேர ஒரு தாள்ல எழுதி சுத்தி வச்சிருந்தாரு” என்றாள். குடித்திருக்கமாட்டார் என்று நானும் நினைத்திருந்தேன்.

நான் பிறவியிலேயே சந்தேகக்காரன். மீன்காரி பச்சை மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். டாக்டர் சீட்டில் ஓர் எழுத்து கோணலாக இருந்தால் டாக்டரையே போனில் கூப்பிட்டுக் கேட்பேன். என் மனைவி, “ஒங்களுக்கு ஒங்க நெழலயே நம்பிக்க இல்ல” என்பாள். கடவுள் விஷயத்திலும் அப்படித்தான். கோயிலுக்குப் போவேன், பூசையில் நன்மை அப்பம் வாங்குவேன், சவேரியார் திருநாளுக்குச் சப்பரம் தூக்கத் தோள் கொடுப்பேன். ஆனால் எனக்குள் ஒருவன் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பான். அவன் முழங்காலிட்டு நான் பார்த்ததில்லை.

அவன்தான் உபதேசியாரைக் கண்டுபிடித்தான். கடியப்பட்டணத்துக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் எங்கள் கடற்கரையில் பங்குச்சாமியாக வரும் பாதிரியார்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார்கள். உபதேசியார் மாறமாட்டார். மணியடிப்பது, பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஜெபம் சொல்லிக்கொடுப்பது, இழவு வீட்டில் போய் முழங்காலிட்டு ஜெபத்தை எடுத்துக்கொடுப்பது எல்லாம் அவர் வேலை. அவர் முதலில் சொல்ல, ஊர் பின்னால் சொல்லும். அப்படி விசுவாசப் பிரமாணத்தை, கடவுளை நம்புகிறேன் என்று அறிக்கையிடும் அந்த ஜெபத்தை, எடுத்துக்கொடுக்கும்போது, 'விசுவசிக்கிறேன்' என்ற சொல் வரும் இடத்தில் அவருக்கு இருமல் வரும். அவர் இருமி முடிப்பதற்குள் சனம் அந்தச் சொல்லைச் சொல்லித் தாண்டிவிடும். அடுத்த வரியில் அவர் வந்து சேர்ந்துகொள்வார்.

முதலில் தற்செயல் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் காத்திருந்து கவனித்தேன். ஜெபமாலை முழுவதும் சொல்வார், ஒரு கமறல் இருக்காது. மழைக்காலத்திலும் அதே இடம், கோடையிலும் அதே இடம். இருமலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வறட்டு இருமல், சளி இருமல், பீடி இருமல், பள்ளிக்கூடத்துக்கு மட்டம்போடும் இருமல் எல்லாம் தினமும் என் கவுண்டருக்கு முன்னால் வந்து நிற்பவை. இது எதிலும் சேராதது. முழங்கால் வலித் தைலத்துக்கு அவர் மாதந்தோறும் என் கடைக்கு வருவார். இருமலுக்கு ஒரு மிட்டாய்கூட வாங்கியதில்லை. இந்த மனுஷன் நம்பவில்லை, நம்பாமலே முப்பது வருடமாகக் கோயில் மணியை அடித்துக்கொண்டிருக்கிறார் என்று தீர்மானித்தேன். கள்ளன் என்று மனதுக்குள் பெயரும் வைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. என்னைப் போல இன்னொருவன் ஊரில் இருக்கிறான், அவன் என்னைவிடப் பெரிய கள்ளன்.

ஒருநாள் உச்சிவெயிலில் கடையில் ஆளில்லாத நேரம் தைலத்துக்கு வந்தார். பாட்டிலைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே கேட்டேன்: “உபதேசியாரே, கடவுள் உண்டா இல்லியா? ஒரு வார்த்த சொல்லுங்க.”

அவர் அசரவில்லை. “காத்து எளகுன நேரத்துல வள்ளத்துல நிக்கவன்கிட்ட கேட்டுப்பாரு, முழுசும் உண்டுன்னு சொல்லுவான். கரைக்கு வந்து சோறு தின்ன பொறவு கேளு, பாதிதான் உண்டும்பான். ஒறங்கி எழும்புனா அதும் கொறஞ்சிரும்” என்றார்.

“நான் ஒங்கள கேட்டேன்.”

“நான் வள்ளத்துல போறவனில்லியே மக்கா” என்று சிரித்துவிட்டு, தைலத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார். பதில் சொல்லாமல் தப்பிக்கத் தெரிந்த ஆள் என்று என் கணக்கில் இன்னொரு கோடு விழுந்தது.

அடுத்த வருடம் என் தங்கையின் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. காற்று வருகிறது என்ற எச்சரிக்கை வருவதற்கு முன்பே போன வள்ளம் அது. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார்கள், ஹெலிகாப்டர் வந்து தேடியது, ஊர்க்காரர்களே வள்ளங்களை எடுத்துக்கொண்டு கொல்லம் கடல்வரை போனார்கள். வள்ளம் மட்டும் கவிழ்ந்த நிலையில் கிடைத்தது. உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாற்பத்தொரு நாள் பார்ப்பார்கள். பிறகு போனவர் கடைசியாக உடுத்துக் களைந்த துணியைப் பெட்டியில் வைத்து, உபதேசியார் வந்து ஜெபம் சொல்லி, கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்வார்கள். அதற்குப் பிறகுதான் அவர் மனைவி தாலியைக் கழற்றலாம், கஞ்சி குடிக்கலாம், தூங்கலாம்.

என் தங்கை சட்டையைக் கொடுக்க மறுத்தாள். நீலக் கட்டம் போட்ட சட்டை. துவைக்காமல் தலையணைக்குள் வைத்திருந்தாள். நாற்பத்தொன்று கடந்தது, அறுபது கடந்தது. அவள் சாப்பிடுவது நின்றுபோய், நான் கொண்டுபோன குளுக்கோஸ் தண்ணீரில் உயிரை ஓட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டும் என் வீட்டில் இருந்தன. சாமி வந்து பேசினார், மடத்து சிஸ்டர்கள் வந்து பேசினார்கள். கடைசியில் நான் போய்க் கெஞ்சினேன். அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

“அவரு மோட்சத்துல இருக்காருன்னு எல்லாரும் சொல்லுதினும். உபதேசியார் வந்து இருமாம அந்த ஜெபத்த சொல்லட்டு. அப்ப நான் சட்டய தாரேன்.”

நான் ஒருவன்தான் கண்டுபிடித்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஊருக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அவர் பின்னால் முழங்காலிட்டிருக்கிறது.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். தட்டிலிருந்து ஓர் இருமல் மருந்தை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். தங்கை சொன்னதைச் சொல்லி, பாட்டிலை அவர் முன்னால் வைத்தேன். “நாளைக்கு இதுல ரெண்டு மூடி குடிச்சிட்டு வாங்க. ஒரே ஒரு தடவ இருமாம சொல்லுங்க. மனசுல எப்பிடி வேணும்னாலும் இருக்கட்டு, வாயால சொன்னா போதும்” என்றேன். அவர் பாட்டிலை எடுத்து, சின்ன எழுத்துகளை எல்லாம் வாசிப்பவர் போல நெடுநேரம் பார்த்தார். பிறகு ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். ஒத்துக்கொண்டார் என்று நினைத்துத் திரும்பினேன். ஒரு கிழவரிடம் பொய் சாட்சி கேட்டுவிட்டு வருகிறோம் என்ற நினைப்பு வழியில்தான் வந்தது. என் தங்கை பிழைக்க வேண்டும், அதற்கு முன்னால் மற்றதெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை.

மறுநாள் காலை தங்கை வீடு நிறைந்திருந்தது. நடுவில் திறந்த பெட்டி, அதன் தலைமாட்டில் போட்டோ, மெழுகுவத்தி. தங்கை சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உபதேசியார் வந்து, முழங்கால் வலியில் முகத்தைச் சுளித்தபடி மெதுவாக முழங்காலிட்டார். ஜெபத்தைத் தொடங்கினார். அந்த இடம் வந்தது. வீட்டில் ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

இருமல் வரவில்லை. சொல்லும் வரவில்லை. அவருடைய உதடு அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்குத் தயாராகி அப்படியே நின்றது. பிறகு அவர் என் தங்கையைப் பார்த்து, “எனக்குத் தெரியாது மோளே. தெரியாதத தெரியும்னு சொல்லி ஒனக்க கையில இருந்து இந்த சட்டய வாங்க என்னால கழியாது” என்றார்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எனக்கு அவரைப் பிடித்து வெளியே தள்ளலாம் போல இருந்தது. முப்பது வருடம் இருமித் தப்பித்தவருக்கு இன்று ஒருநாள் அந்தச் சொல்லைச் சொல்லவா வலித்தது? ஆனால் என் தங்கை எழுந்தாள். சட்டையை முகத்தில் ஒருமுறை அழுத்திக்கொண்டாள். பெட்டிக்குள் வைத்து, அதன் கைகளை நேராக்கி, காலரை மடித்துவிட்டாள். பிறகு உபதேசியாருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, “விசுவசிக்கிறேன்” என்றாள். தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி. அவர் அடுத்த வரியிலிருந்து எடுத்துச் சொன்னார். நாங்கள் அடக்கத்துக்குப் போனோம்.

அன்று இரவு அவள் கஞ்சி குடித்தாள். எனக்கு அது போதுமென்று இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குள் இருக்கும் கடைசி வரிசைக்காரன் விடவில்லை. சில மாதங்கள் கழித்து அவளிடம் கேட்டேவிட்டேன்: “ஏட்டி, நீ அண்ணைக்கு நம்பித்தான் சொன்னியா?”

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். “எனக்கு என்ன தெரியும் அண்ணே. வந்தவிய எல்லாம் தெரியும் தெரியும்னு சொன்னினும். அவரு ஒருத்தராக்கும் தெரியாதுன்னு சொன்னது. எனக்கும் தெரியாதுல்லா. ரெண்டு பேரு ஆச்சேன்னு ஒரு ஆறுதல்” என்றாள். மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, “பாவம், அந்த முட்டு வலியோட எவ்வளவு நேரம்தான் நிப்பாரு” என்றும் சொன்னாள். இதில் எது உண்மையான காரணம் என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

உபதேசியார் அடக்கம் முடிந்த அன்றைக்கே சாமியிடம் போய், தனக்கு இனி இந்த வேலை வேண்டாம் என்று சொன்னாராம். “நாளைக்கு மணி யார் அடிப்பா?” என்று மட்டும் சாமி கேட்டாராம். அவர் மறுநாள் காலையில் மணியடித்தார். சாகும்வரை அடித்தார். இருமலும் அதே இடத்தில் வந்துகொண்டிருந்தது. அவர் பாட்டிலைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. தைலத்துக்கு வரும்போது இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம். அவரைக் கள்ளன் என்று நினைத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

இப்போது ஒரு பையன் கழுத்தில் மைக் மாட்டிக்கொண்டு ஜெபம் எடுத்துக்கொடுக்கிறான். தண்ணீர் ஓடுவது போலச் சொல்கிறான். ஆனால் எங்கள் சனத்துக்கு அது ஒத்துவரவில்லை. இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் உபதேசியாரிடம் ஜெபம் கற்றவர்கள். அந்தச் சொல்லுக்கு முன்னால் ஓர் இருமல் நேரம் நிற்கவேண்டும் என்பதையும் ஜெபத்தோடு சேர்த்தே கற்றுக்கொண்டுவிட்டார்கள். பையன் சொல்லி முடித்த பிறகும் கோயில் மொத்தமும் அங்கே நிற்கும், பிறகுதான் சொல்லும். புதுச்சாமி பீடத்திலிருந்து, “அந்த இடத்தில் ஏன் தடுமாறுகிறீர்கள்?” என்று இரண்டு முறை கண்டித்தார். சனம் தலையாட்டியது. அடுத்த ஞாயிறும் நின்றது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த இடைவெளியில், கோயில் முழுக்க அமைதியாக இருந்தபோது, யாரோ இருமினார்கள். வறட்டு இருமல் இல்லை, சளி இல்லை, பீடி நிச்சயமாக இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து என் தங்கை திரும்பி என்னைப் பார்த்த பிறகுதான் இருமியது நான் என்று தெரிந்தது.

வெளியே செருப்பு மாட்டும்போது பக்கத்தில் வந்து நின்றாள். “அந்த பாட்டில் ஒங்க கடையில சும்மாதானே கெடக்கு. ரெண்டு மூடி குடிச்சா என்ன அண்ணே?” என்றாள். சிரிக்காமல்தான் கேட்டாள்.

கடையைத் திறந்து முதல் வேலையாகப் பாட்டிலை எடுத்தேன். தூசியைத் துடைத்தேன். மூடியில் விரலை வைத்தேன். பிறகு சீலைத் தொடாமல் அதே இடத்தில் வைத்துவிட்டேன்.